எலிகள் சொன்ன பிள்ளை

ஐயாசாமி ரப்பர்ப் பால் நிறுத்து வாங்கும் பால் ஸ்டோரில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை பார்த்தான். மிச்ச நேரமெல்லாம் பொறாமைப்பட்டான். இரண்டில் எதற்குச் சம்பளம் கொடுத்திருந்தாலும் அவன் குறை வைத்திருக்க மாட்டான்.

லாபிஸ் ரயில் நிலையத்தில் இறங்கிச் செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. அவன் மனைவி புஷ்பவள்ளி சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளிடம் இருந்த ஒரே குற்றம், சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. சீனன் கடையில் கருவாடு நிறுக்கும்போது பூனை வந்து தராசில் உட்கார்ந்தால் சிரிப்பாள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது கணக்கெழுதும் கிராணி தும்மினால் சிரிப்பாள். சிரித்து முடித்து வீட்டுக்கு வந்தால் விசாரணை காத்திருக்கும். கடையில் வேறு யார் நின்றார்கள், அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், இவள் பூனைக்குச் சிரித்தாளா பூனைக்காரனுக்குச் சிரித்தாளா. கல்யாணமான புதிதில் அவள் இதையெல்லாம் தன்மேல் உள்ள ஆசை என்றே எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். ராசம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டாள்.

சப்பான்காரன் சண்டைக்கு வருவதற்கு ஆறேழு வருடம் முன்பு, புஷ்பவள்ளி முழுகாமல் இருந்தாள். ஐயாசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவனுக்குப் பின்னால் கல்யாணமான, பால்மரம் வெட்டும் அய்யாவுக்கு ஏற்கெனவே இரண்டு ஆண் பிள்ளைகள். தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அய்யாவு கோயிலுக்கு வருவதைப் பார்த்தாலே இவனுக்கு வயிறு எரியும். இப்போது புஷ்பவள்ளிக்கு மூன்றாம் மாதத்திலேயே ஐந்து மாத வயிறு தெரிந்தது. இரட்டையாக இருக்குமோ என்று ராசம்மா வாயை வைத்தாள். ஒரே தவணையில் அய்யாவுவை எட்டிப்பிடித்துவிடலாம் என்று ஐயாசாமி கணக்குப் போட்டான்.

கணக்குப் போட்டவனுக்கு அவள் பட்ட பாடு தெரியவில்லை. குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்காமல் வாந்தி எடுத்தாள். கால் வீங்கியது. ஆனி மாதத்தில் ஒரு நாள், ஆட்களெல்லாம் மரக்காட்டில் இருந்த நேரம், உதிரம் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசர் ஐயாத்துரை மட்டும். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதுக்காரர், பொண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். எந்தப் பெண்ணையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

வந்தது பிள்ளையாக இல்லை. ஊறவைத்த ஜவ்வரிசி போல, சின்னதும் பெரியதுமாக நீர் கோத்த மணிகள் கொத்துக் கொத்தாக வந்து பேசினை நிறைத்தன. தலை இல்லை, கை கால் இல்லை. ஐயாத்துரை ஐயாசாமியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். இதை முத்துப்பிள்ளை என்பார்கள், கரு பிள்ளையாக உருவாகாமல் நஞ்சுக்கொடி மட்டும் இப்படிக் கொப்புளம் கொப்புளமாக வளர்ந்துவிடும், ஆயிரத்தில் ஒருத்திக்கு வரும், யார்மேலும் குற்றம் இல்லை என்றார். அதற்குப் பிறகு சொன்னதை அழுத்திச் சொன்னார்.

“மண்டோர், இது முழுக்கப் போயிட்டுது எண்டு இண்டைக்குச் சொல்லேலாது. சில பேருக்கு இதின்ர மிச்சம் உள்ளுக்க தங்கிப் பிறகு கேடு செய்யும். ஒரு வருசத்துக்கு மாதம் ஒருக்கால் தங்கச்சியைக் கொண்டு வந்து காட்டுங்கோ. திரும்ப உதிரம் கண்டால் ஒரு நாளும் பிந்தக்கூடாது.”

ஐயாசாமியின் காதில் இது பாதிதான் விழுந்தது. அவன் அய்யாவுவை நினைத்துக்கொண்டிருந்தான். முத்துப்பிள்ளை என்றால் ஆண்பிள்ளையின் வித்தில் குறை என்று தோட்டத்தில் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவன் டிரெசரின் கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே சொல்ல வேண்டாம், ஆண் குழந்தை இறந்து பிறந்தது என்றே இருக்கட்டும் என்று கெஞ்சினான். ஐயாத்துரைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வெள்ளையாகக் கிடந்த அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஐயாசாமி ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் மரக்காட்டு ஓரத்தில் புதைத்தான். பையன் அவனை உரித்து வைத்த மாதிரி இருந்தான் என்று கூசாமல் சொன்னான். அய்யாவுவே வந்து தோளைத் தொட்டு அழுதான். ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதி இவனுக்கு. புஷ்பவள்ளியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் புருஷன் மானம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்ததாவது நல்லபடி பிறக்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டான். அந்தத் தோட்டத்து வழக்கப்படி, பிள்ளை வரம் கேட்டுத் தைப்பூசத்தில் காவடி எடுப்பவன் நேர்ந்துகொண்ட நாளிலிருந்து தனிப்பாயில் படுக்க வேண்டும். மனைவியைத் தொடக்கூடாது. பிள்ளை கேட்பவன் ஆறு ஏழு மாதம் இப்படி இருந்தால் பிள்ளை எங்கிருந்து வரும் என்று கேட்கக்கூடாது. முருகனுக்குத்தான் அது தெரியும். ஐயாசாமி பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு முன்னால் இருந்த அஞ்சடித் திண்ணையில் போய்ப் படுத்தான். அவன்மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அந்த விரதத்தை அவன் ஒரு சின்ன மீறலும் இல்லாமல் காத்தான்.

முதல் மாதம் மனைவியைத் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டிரெசர் நாடி பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உதிரம் நின்றுவிட்டதா என்று கேட்டார். எல்லாம் நின்றுவிட்டது. இரண்டாம் மாதம் போனபோது, டிரெசரின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மருந்துக் கிண்ணத்துக்குள் விழுந்தது. புஷ்பவள்ளி சிரித்துவிட்டாள். அத்தனை நாள் கழித்து வந்த சிரிப்பு. டிரெசரும் கூடச் சிரித்தார்.

அன்று பிடித்தது சனியன். பால் ஸ்டோரில் நின்றால் அந்தச் சிரிப்பு. அஞ்சடியில் படுத்தால் அந்தச் சிரிப்பு. தான் கட்டியவளைத் தான் தொடக்கூடாது, இந்த யாழ்ப்பாணத்தான் மட்டும் மாதாமாதம் கையைப் பிடித்து நாடி பார்ப்பானா? அவளுடைய அந்தரங்கத்தைப் பார்த்தவன். அதைவிட மோசம், தன் அந்தரங்கமும் அவன் வாய்க்குள் இருக்கிறது. நினைத்தால் ஒரு வார்த்தையில் தோட்டத்தையே சிரிக்க வைத்துவிடுவான். தங்கச்சி என்று கூப்பிடுவது எதற்கு? மடியில் கனம் இல்லாதவன் ஏன் அப்படி விழுந்து விழுந்து தங்கச்சி என்கிறான்? மூன்றாம் மாதம் புஷ்பவள்ளி கிளம்பியபோது, உடம்புதான் தேறிவிட்டதே, இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டான்.

கார்த்திகையில் அவளுக்கு மறுபடி வாந்தி வந்தது. மார் கனத்தது. மாதத் தூரம் தள்ளிப் போயிருந்தது. அடிவயிறு மெல்ல மேடு தட்டியது. முதலில் கண்டுபிடித்தவள் ராசம்மா. அவளுக்குத் தெரிந்தால் தோட்டத்துக்கே தெரிந்த மாதிரி.

“காவடி எடுக்கறதுக்கு முன்னாலேயே முருகன் குடுத்துட்டான் பாத்தியா,” என்று ஐயாசாமியிடமே வந்து சொன்னாள். “தனிப்பாயின்னு ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு, நல்ல ஆளுதான் போ தம்பி.”

பால் ஸ்டோரில் கேலி கிளம்பியது. பாய் தனியாகத்தான் இருந்ததாம், ஆள்தான் நடந்து போனாராம் என்று அய்யாவு சொல்ல, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். விரதத்தை மீறியவன் என்ற பெயர் ஐயாசாமிக்கு வந்தது. அவனும் மீறியவனைப் போலவே அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். வேறு என்ன செய்வான்? நான் மீறவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரியும். அன்று முழுவதும் சிரித்தபடி பால் நிறுத்தவனுக்கு உள்ளே அடுப்பு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். புஷ்பவள்ளிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அவள் அழவில்லை. நீங்கள் தொடாத உடம்பை வேறு எவனும் தொடவில்லை, எனக்கும் இது என்ன என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் படுவதையும் சொன்னாள். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

“ரத்தம் பட்டா ஒடனே வரச் சொல்லியிருக்காருங்க டிரெசர். அவருகிட்ட ஒரு தடவ காட்டிரலாம்.”

அவ்வளவுதான். அவள் வாயிலிருந்தே பேர் வந்துவிட்டது. குழந்தை ஒரு கையை நீட்டி அப்பனைக் காட்டியிருந்தாலும் அவன் இவ்வளவு உறுதியாக நம்பியிருக்க மாட்டான்.

ஆனாலும் ஐயாசாமிக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. சிகாமட் கடைத்தெருவில் மதராஸ்காரர் ஒருவர் சொந்தமாக மருத்துவம் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர் இல்லை, அது ஒன்றே அவருடைய பெரிய தகுதியாக இவனுக்குப் பட்டது. மார்கழி மழையில் ஆறு தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு ஓட, இருவரும் ரயிலில் போனார்கள். 

இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். புஷ்பவள்ளி வாயைத் திறப்பதற்குள் ஐயாசாமி பதில் சொன்னான். ஆண் குழந்தை, இறந்து பிறந்தது, ஆனி மாதம். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் ஒரு பார்வை பார்த்தான். சத்தியம் செய்து கொடுத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஐயாசாமி எழுந்து குறுக்கே நின்றான். வயிற்றைத் துணிக்கு மேலேயே பாருங்கள், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது என்றான். டாக்டர் இப்படிப்பட்ட புருஷன்மாரை நிறையப் பார்த்தவர். பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வழி சொன்னார். சிங்கப்பூரில் இப்போது ஒரு சோதனை செய்கிறார்கள். பெண்ணின் சிறுநீரை எடுத்துச் சின்னப் பெண்ணெலிகளுக்கு ஊசியாகப் போடுவார்கள். அவள் கர்ப்பிணியாக இருந்தால் எலியின் சூற்பையில் அதற்கான அடையாளம் தெரியும். கை படாமலே பதில் கிடைத்துவிடும்.

ஐயாசாமிக்கு அந்தச் சோதனை மிகவும் பிடித்துப்போனது. எலிக்குச் சாதி இல்லை, ஊர் இல்லை, டிரெசரிடம் மருந்து வாங்கியதில்லை. அது பொய் சொல்லாது. எலி பொய் சொல்லவும் இல்லை. கேட்டவன்தான் பொய்யைச் சொல்லிவிட்டுக் கேட்டான்.

அடுத்த வாரம் அவன் மட்டும் போய்ப் பதிலைக் கேட்டான். கர்ப்பம் உறுதி என்றார் டாக்டர். உதிரம் படுவதால் படுத்தே இருக்கட்டும், இன்னொன்றையும் இழக்க வேண்டாம் என்று சொல்லி, முகம் மலர்ந்து கையையும் குலுக்கினார். ஐயாசாமி குலுக்கிய கையோடு வெளியே வந்து மழையில் நின்றான்.

வீட்டில் புஷ்பவள்ளி அவன் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டாள். ஆனால் அவள் கேட்டது வேறு. டாக்டரிடம் முத்துப்பிள்ளை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் திருப்பிக் கேட்டது ஒரே சொல்.

“யாருது?”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. சோறு வைத்தால் யாருது. தண்ணீர் கேட்டால் யாருது. அடித்திருந்தாலாவது ராசம்மா ஓடி வந்திருப்பாள், இவன் அடிக்கவில்லை. வேலைக்குப் போகும்போது வெளியே கொண்டியைப் போட்டுவிட்டுப் போனான். டாக்டர் படுத்திருக்கச் சொன்னார் என்று ஊருக்குக் காரணம் சொன்னான். அந்த வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் ஒரு சின்ன ஐயாத்துரை கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. உள்ளே இருப்பதை அவன் மனதார வெறுத்தான். அது கரைந்து போனால் தேவலை என்று முருகனிடமே கேட்டான்.

உதிரம் நிற்கவில்லை. புஷ்பவள்ளியின் உதடு வெளுத்தது. தைப் பொங்கல் கழிந்ததும் இருமல் வந்தது. மழைக்காலத்து இருமல் என்றான் ஐயாசாமி. ராசம்மா சன்னல் வழியாகக் கஷாயம் கொடுத்தாள். கொடுக்கும்போது புஷ்பவள்ளி துப்பியதைப் பார்த்தாள், சிவப்பாக இருந்தது. ராசம்மா அன்று வெற்றிலையைத் துப்பிவிட்டு நேராக டிரெசரிடம் போனாள்.

ஐயாத்துரை சாயங்காலம் வந்தார். ஐயாசாமி வாசலில் குறுக்கே நின்றான். 

“சிகாமட் டொக்டரிட்ட முத்துப்பிள்ளை எண்டு சொன்னனீங்களோ?” என்று கேட்டார் ஐயாத்துரை.

“எங்க வீட்டு விசயம் ஒங்களுக்கு எதுக்கு?”

“மண்டோர், வயித்தில இருக்கிறது பிள்ளையா இல்லாமலும் இருக்கலாம். எனக்குச் சரியாத் தெரியாது. டொக்டருக்குத் தெரியும். ஆனா அவரிட்ட அந்த ஒரு சொல் போய்ச் சேர வேணும். நீங்கள் சொல்லாட்டி நாளைக்கு நானே போய்ச் சொல்லுவன். உங்களுக்குக் குடுத்த வாக்கு இண்டையோட சரி.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேச்சு ஐயாசாமிக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? பிள்ளையைப் பிள்ளையே இல்லை என்று ஒருவன் கதை கட்டுகிறான் என்றால் அவன் யார்? பிள்ளைக்கு அப்பன்தானே! மாட்டிக்கொண்டான் என்று உள்ளூரக் குதித்தான். நாளைக்கு இவனே போய் டாக்டரைச் சரிக்கட்டி விடுவதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும். டிரெசர் சொல்வது கட்டுக்கதை என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டும். பிறகு இருக்கிறது இவனுக்கு.

ஆக, அவளைக் காப்பாற்றக்கூடிய அந்தச் சொல்லைக் கடைசியில் அவன் சொன்னதும் பொறாமையில்தான். விடிந்ததும் முதல் ரயிலில் அவளைக் கொண்டு போனான். அவளால் நடக்க முடியவில்லை. ராசம்மாவும் கூட வந்து தாங்கிக்கொண்டாள். டாக்டர் முன்னால் நின்று, வழக்கில் சாட்சி சொல்கிறவன் போல ஐயாசாமி சொன்னான்.

“பையன் பொறக்கல டாக்டர். அது முத்துப்பிள்ளை. அதுக்கப்புறம் நான் இவள ஒரு தடவகூடத் தொடல. இப்போ சொல்லுங்க, இது யாரு புள்ள?”

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யாருடைய பிள்ளை என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாசாமியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ராசம்மாவை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இந்த முறை அவன் மறுத்துப் பேசியதை அவர் காதில் வாங்கவே இல்லை. உள்ளே பரிசோதித்தபோது பிறப்பு வழியின் சுவரில் கருநீலமாக ஒரு கட்டி இருந்தது. லேசாகப் பட்டதுமே உதிரம் கொட்டியது. கருப்பை பெருத்திருந்தது, ஆனால் அதற்குள் பிள்ளைத் தலையும் இல்லை, துடிப்பும் இல்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் வெகு நேரம் அதை எடுக்கவில்லை.

சிறுநீர் மறுபடி சிங்கப்பூருக்குப் போனது. இந்த முறை அதை இருநூறு பங்கு தண்ணீரில் கலக்கி எலிக்குப் போடும்படி சொல்லியனுப்பினார். சாதாரணக் கர்ப்பமாக இருந்தால் அத்தனை தண்ணீரில் அடையாளம் காணாமல் போய்விட வேண்டும். போகவில்லை. பதில் வருவதற்கு முன்பே புஷ்பவள்ளியை ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் தெரிந்தன. உதிரம் நிற்காததால் கருப்பையை எடுத்தே ஆக வேண்டியதாயிற்று. எடுத்துவிட்டால் நெஞ்சில் உள்ளதும் சில பேருக்குத் தானாக வற்றிப் போவது உண்டாம். அப்படி நடந்தால் நடக்கட்டும் என்று பார்த்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஐயாசாமி வராந்தாவில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தான். அவன் காத்திருந்த பதில் வேறு. தைப்பூசம் வந்து போயிற்று. காவடி எடுக்கவில்லை. வார்டுக்குப் போனால் எந்த டாக்டர் அவளைத் தொடுகிறார், எந்த ஆள் கட்டிலைத் தள்ளுகிறான் என்று அவன் கண் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஐயாத்துரை ஒரு நாள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, ஐயாசாமி வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பழங்களை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

எடுத்த கருப்பையை வெட்டிப் பார்த்த பிறகு பெரிய டாக்டர் ஐயாசாமியைக் கூப்பிட்டார். அவர் வெள்ளைக்காரர். பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவள் நர்ஸ் சந்திரமதி. அவள் நாகப்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம், நிதானமாகப் பேசுகிறவள். கருப்பையின் சுவரைத் தின்றுகொண்டு, பஞ்சு போல, உறைந்த இரத்தம் நிறைந்த ஒரு கட்டி இருந்தது என்றாள். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அது முழுவதும் நஞ்சுக்கொடியின் மேல்தோலில் இருக்கிற அணுக்கள்தான். பிள்ளை என்று சொல்ல ஒரு துளிகூட இல்லை. கருப்பையில் வருகிற புற்றுகளிலேயே இது அபூர்வமானது, முத்துப்பிள்ளை வந்தவர்களில் சிலருக்குப் பின்னால் வரும். கர்ப்பிணியின் உடம்பில் ஊறுகிற அதே சத்து இதிலிருந்தும் ஊறும். அதனால்தான் வாந்தி வந்தது, மார் கனத்தது, எலியும் அப்படிச் சொன்னது. இரத்தக் குழாய்க்குள் நுழைந்து போகிற சாதி, நெஞ்சுக்கும் போயிருக்கிறது.

ஐயாசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த மேல்தோல் யாருடையது என்று கேட்டான்.

 சந்திரமதி அதை டாக்டரிடம் மொழிபெயர்த்துக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“ஒங்களுதுதான். போன ஆனியில கலைஞ்சதோட மிச்சம்தான் இது. ஒங்க கருவுலேர்ந்து வந்தது. வேற யாரும் இதுல கெடையாது.”

டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். நெஞ்சில் உள்ளவை வற்றவில்லை, நேற்றுப் பிடித்த படத்தில் பெருகியிருக்கின்றன, மார்கழியில் வந்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கலாம், இனி அதிக நாள் இல்லை என்று சந்திரமதி தமிழில் சொன்னாள். ஐயாசாமி தலையை ஆட்டினான். அவன் முகத்தைப் பார்த்தவள் இவன் அழப்போகிறான் என்று நினைத்தாள். உண்மையில் அவனுக்குள் அப்போது நிறைந்து வழிந்தது சந்தோஷம். இத்தனை மாதமாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த ஒன்று விட்டுப் போயிற்று. அவள் சுத்தமானவள். டிரெசர் இல்லை. எவனும் இல்லை. தன்னுடையதுதான். கை கூப்பினான், நன்றி சொன்னான், வராந்தாவில் ஓட்டமும் நடையுமாக வார்டுக்குப் போனான். இன்னொருவனுடையது என்று அவன் இத்தனை நாள் வெறுத்துச் சபித்ததும் தன்னுடையதையேதான் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

புஷ்பவள்ளி தலையணையை உயரமாக வைத்துச் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்ததும் அவள் கண் கொஞ்சம் அகலமாயிற்று. நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள். கையூன்றி நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மாதக் கணக்கில் தொடாத அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“புஷ்பா, நீ ஒரு தப்பும் பண்ணல. பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. அது என்னோடதுதானாம்.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேலும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சிரித்த முகமாகவே இருந்தான்.

“அது எனக்குத் தெரிஞ்சதுதானுங்க,” என்றாள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு. “நான் பொழைப்பேனான்னு கேட்டீங்களா?”

ஐயாசாமி வாயைத் திறந்தான். அவன் கேட்டிருக்கவில்லை.